மழை விட்ட இரவில் மொட்டை மாடிக்கு வாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி மழையைப் பற்றியவை, மீதி விண்மீன்களைப் பற்றியவை. இரண்டையும் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. மதுரையில் வானம் பார்க்க ஆசைப்படுகிறவர் முதலில் மழைக்கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆடிக் காற்று மரத்தைச் சாய்க்கிறது, மேகமும் கூட்டமாக ஓடுகிறது. மழை மட்டும் ஏன் இறங்குவதில்லை? ஆனால் கால்வாயில் தண்ணீர் வந்துவிடுகிறதே? (சோழவந்தான் வாசகர்)

தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு மலையைத் தாண்டுகிறது. கீழே இறங்க இறங்கச் சூடேறி வறண்டுபோகிறது. நமக்கு மிஞ்சுவது காற்றும் புழுதியும்தான். நாம் இருப்பது மழைமறைவுப் பகுதி. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் பெய்தது வீணாகவில்லை. அது முல்லைப் பெரியாறு அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகை அணையில் சேர்ந்து உங்கள் வயலுக்கு வருகிறது. பெரியாறு அணை கட்டி முடிந்த 1895 முதல் இதுதான் வழி; வைகை அணை மட்டும் 1959இல் சேர்ந்துகொண்டது. ஆடியில் உங்கள் நாற்றங்காலை நனைப்பது நீங்கள் கண்ணால் காணாத மழை.

மேலூரில் கொட்டுகிறது, அண்ணா நகரில் ஒரு சொட்டு இல்லை. இது என்ன கணக்கு? (மதுரை வாசகி)

வெப்பச்சலன மழையின் குணம் அது. பகலெல்லாம் காய்ந்த தரையிலிருந்து சூடான காற்று எழும்புகிறது. மாலையில் கிழக்கே கடல் பக்கமிருந்து ஈரக்காற்று உள்ளே நுழைந்து மேற்குக் காற்றோடு மோதினால், மோதிய இடத்தில் இடிமேகம் கட்டுகிறது. அந்த மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்த பிறகே ஊர் முழுக்க ஒன்றாக நனையும்.

எரிநட்சத்திரம் பார்க்க எந்த மாதம் நல்லது? ஆகஸ்டில் இரண்டு ஆண்டு விழித்தும் ஏமாந்தோம். (உசிலம்பட்டி மாணவர்கள்)

ஆகஸ்டு 12, 13இல் வரும் பெர்சீட் பொழிவுக்காக விழித்திருப்பீர்கள். அது வடக்கு நாடுகளுக்கு உகந்தது. நமக்கு அதன் மையம் வடக்கே தாழ்வாகத்தான் எழும். போதாததற்குப் பருவக்காற்று மேகம் வேறு. உங்கள் உழைப்பை டிசம்பர் 13, 14 இரவுக்கு மாற்றுங்கள். மிதுன விண்மீன் கூட்டத்திலிருந்து புறப்படுவதுபோலத் தோன்றும் ஜெமினிட் பொழிவு நம் தலைக்கு மேலேயே நடக்கும். ஃபேத்தான் என்ற சிறுகோள் உதிர்த்த தூசுதான் காற்றில் உரசி எரிகிறது.

மழைக்காலமாயிற்றே என்று தயங்காதீர்கள். ஓர் ஆண்டு என் தங்கை பிள்ளைகளோடு மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். நள்ளிரவு தாண்டியும் தூறல் விடவில்லை. பாயைச் சுருட்டலாம் என்று எழுந்தபோது காற்று திரும்பியது. நாகமலைப் பக்கம் ஒரு கிழிசல் விழுந்து, அரை மணியில் வானம் முழுக்கத் திறந்தது. தூசி அத்தனையும் மழையில் கழுவப்பட்டிருந்ததால் மங்கலான மீன்கள்கூடத் தெரிந்தன. இரண்டு மணி வாக்கில் பச்சை ஒளியோடு ஒன்று மேற்கே இறங்கியது. சின்னவள் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. மழை விட்ட இரவைப் போல் துல்லியமான இரவு வேறில்லை. அதை உறங்கிக் கழிக்காதீர்கள்.

நிழல் இல்லாத நாள் மதுரைக்கு எப்போது? (ஆசிரியை, திருமங்கலம்)

ஏப்ரல் 16ஐ ஒட்டி ஒரு முறை, ஆகஸ்டு 27ஐ ஒட்டி இன்னொரு முறை. அன்று கதிரவன் நம் உச்சிக்கு நேரே வருகிறது. பலரும் சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பார்த்துவிட்டு ஏமாறுகிறார்கள். நம் கடிகாரம் கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு ஒத்தது. மதுரையோ 78 பாகையை ஒட்டி இருக்கிறது. அதனால் நமக்கு உச்சிப்பொழுது ஏறக்குறைய 12.18க்குத்தான். ஒரு முழ நீளக் குழாய்த் துண்டை மாடியில் நிறுத்தி, கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி நேர்பார்த்துக்கொள்ளுங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கிக் குழாயின் அடிக்குள் புகுந்துகொள்வதைப் பிள்ளைகள் தாங்களே பார்க்கட்டும். ஆகஸ்டில் மேகம் மறைக்கலாம், ஏப்ரலை நம்புங்கள்.

திரிசங்கு தெரியுமா? எங்கே போய்ப் பார்ப்பது? (வாடிப்பட்டி வாசகர்)

தென் சிலுவை விண்மீன் கூட்டம்தானே, நன்றாகவே தெரியும். டெல்லிக்காரர்களுக்குத் தொடுவானத்தோடு ஒட்டிப்போவது, நமக்கு இரண்டு கைமுட்டி உயரத்தில் நிற்கிறது. (கையை நீட்டிப் பிடித்த ஒரு முட்டி சுமார் பத்து பாகை. வடக்கே துருவமீன் நமக்குச் சரியாக ஒரு முட்டி.) மே மாத நடுவில், இரவு ஒன்பதே கால் மணிக்கு, நேர் தெற்கே நிமிர்ந்த சிலுவையாகப் பார்க்கலாம். வெப்பப் புழுக்கம் மங்கலாக்கும். மாலை மழை பெய்து ஓய்ந்த நாளாகத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் நகருக்கு வடக்கே இருப்பதால் மதுரையின் வெளிச்சம் தெற்கைக் கெடுக்கும். எனவே நகருக்குத் தெற்கே கள்ளிக்குடிப் பக்கம் போங்கள். எந்தத் திசையைப் பார்க்க வேண்டுமோ, ஊரைத் தாண்டி அந்தத் திசைக்கே போவதுதான் முறை. தை, மாசியில் தெற்கே பளிச்சென்று தெரியும் அகத்திய மீனுக்கும் இதே இடம் போதும்.

சிமிட்டாமல் வேகமாக நகரும் வெளிச்சம் என்ன? (பெயர் குறிப்பிடாதவர்)

அந்தி முடிந்த நேரத்திலோ விடியலுக்கு முன்போ ஐந்தாறு நிமிடத்தில் கடந்து மறைந்தால், பெரும்பாலும் பன்னாட்டு விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கும் வானத்துக்கும் தொடர்பு உண்டா? (தல்லாகுளம் வாசகி)

உண்டு. சித்திரை முழுநிலவு சித்திரை நட்சத்திரத்துக்கு அருகே நிற்கும். மாதத்தின் பெயரே அதனால் வந்தது. எதிர்சேவை இரவில் காத்திருக்கும்போது நிலவின் பக்கத்தில் வெண்ணீல நிறத்தில் ஒரு மீனைத் தேடுங்கள். விடியலில் அழகர் ஆற்றை நெருங்கும் வேளை நிலவு மேற்கே அடங்கப்போகும்.

அடுத்த வளைய சூரிய கிரகணம் நமக்கு எப்போது? (பல வாசகர்கள்)

2031 மே 21. வளையம் தெரியும் பாதையில் மதுரையே இருக்கிறது. அக்னி நட்சத்திர நாட்கள். இடிமேகம் பெரும்பாலும் மாலையில்தான் கட்டும், கிரகணமோ நண்பகல் தாண்டியதும். ஆகவே எனக்கு நம்பிக்கை இருக்கிறது. எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி எதுவும் வேண்டாம். அவை கண்ணைப் பறித்துவிடும். 2019 டிசம்பர் 26 காலை வளைய கிரகணம் பார்க்கத் திண்டுக்கல் போயிருந்தேன். ஒரு புங்கை மரத்தடியில் இலைச் சந்து ஒவ்வொன்றும் துளைக் கேமராவாகி, மண் தரை முழுக்க ஒளி வளையங்கள் கிடந்தன. ஒரு பாட்டி காலை எடுத்து வைக்கவே தயங்கி, வளையங்களைச் சுற்றி நடந்துபோனார். திரும்பி வந்த வாரமே எங்கள் தெருமுனையில் ஒரு புங்கங்கன்று நட்டேன். இப்போது என் தலைக்கு மேல் வளர்ந்திருக்கிறது.