கணக்குப் போட வருகிறது, அர்த்தம் புரியவில்லை. கல்லூரிப் புள்ளியியலை எப்படிப் படிப்பது?

சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் விடை வந்துவிடுகிறது, ஆனால் திட்டப் பிழை என்றால் என்ன, பி-மதிப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒரு செமஸ்டர் முழுக்க அங்கேயே நின்றவள்தான். பி.எஸ்சி. உளவியலில் எங்களுக்கு இது துணைப்பாடம். முதல் இன்டர்னல் தேர்வில் டி-டெஸ்ட் (சராசரிகளுக்கு இடையே தெரியும் வித்தியாசம் தற்செயலாக வந்ததாக இருக்குமா என்று பார்க்கும் சோதனை) கணக்குக்கு முழு மார்க் கிடைத்தது. "இந்த விடையிலிருந்து என்ன தெரிகிறது?" என்ற அடுத்த கேள்விக்கு ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

எனக்கு வழி காட்டியது புளியங்கொட்டை.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, பாட்டி புளி தட்டிய கொட்டையெல்லாம் முறத்தில் கிடந்தது. 500 கொட்டையை எண்ணி எடுத்து, 200க்கு மட்டும் சிவப்பு நெயில் பாலிஷ் பூசிக் காயவைத்து, எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டேன். ஆக, பைக்குள் சிவப்பு 40 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு 20 கொட்டை எடுப்பது, சிவப்பு எத்தனை என்று குறித்துக்கொள்வது, திரும்பப் போட்டுக் குலுக்குவது. இப்படி 50 தடவை.

(பாலிஷ் பூசுவதற்கு முன்னால் மஞ்சாடி விதையைக் கலந்துதான் முயன்றேன். அது சின்னது, வழவழப்பானது. விரலிடுக்கில் நழுவி, எடுத்தபோதெல்லாம் குறைவாகவே வந்தது. எத்தனை தடவை எடுத்தாலும் அந்தக் கோளாறு தீராது. சாம்பிள் எடுப்பதில் வரும் சாய்வு என்று வகுப்பில் கேட்டது அன்றைக்குத்தான் கைக்குப் புரிந்தது.)

சராசரியாக 8 வர வேண்டும். ஆனால் 6 வந்தது, 11 வந்தது, 9 வந்தது. குறைந்தது 3, அதிகபட்சம் 13. பைக்குள் எதுவும் மாறவில்லை, என் கையில் வரும் எண்தான் மாறிக்கொண்டே இருந்தது. அது எவ்வளவு தூரம் மாறும் என்பதற்கான அளவுதான் திட்டப் பிழை. 20 × 0.4 × 0.6 என்று பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 2.2. அதாவது, 8லிருந்து இரண்டு மூன்று தள்ளி வருவது சாதாரணம். 20க்கு 2.2 என்பதை விழுக்காட்டில் சொன்னால் 11. இருபதுக்குப் பதிலாக 80 கொட்டை எடுத்தால் இந்த 11 பாதியாகும். பாதியாக்க நான்கு மடங்கு உழைக்க வேண்டியிருக்கிறது. சூத்திரத்தில் இருக்கும் வர்க்கமூலம் செய்கிற வேலை அது.

சரி, பி-மதிப்பு. ஒருவர் வேறொரு பையைக் கொடுத்து, "இதிலும் 40 சதவீதம்தான் சிவப்பு" என்கிறார். நீங்கள் 20 எடுக்கிறீர்கள், 14 சிவப்பு வருகிறது. அவர் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். இதுதான் இன்மைக் கருதுகோள். அப்படியானால் 14 அல்லது அதற்கு மேல் வருவது எவ்வளவு அபூர்வம்? ஆயிரம் தடவை எடுத்தால் ஏறக்குறைய 6 தடவை. அந்த 0.006தான் பி-மதிப்பு. அவர் சொல்வது உண்மையாக இருக்க 0.6 சதவீதம்தான் வாய்ப்பு என்று இதைப் படித்துவிடாதீர்கள். அவர் சொல்வது உண்மை என்ற அனுமானத்தின் மேல் நின்றுதான் இந்த எண்ணையே கணக்கிட்டோம். அந்த அனுமானம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதை இது எப்படிச் சொல்லும்? நிறையப் பேர் வழுக்குகிற இடம் இது. உங்கள் வார்த்தையில் நாலைந்து தடவை எழுதிப் பாருங்கள்.

டி-டெஸ்ட்டும் இப்படிக் கையால் எடுத்துப் பார்த்ததோடு சேர்ந்து பிறந்ததுதான். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், சின்னச் சின்னச் சாம்பிள்களை வைத்து முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருந்தார். 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடது நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதி, கலைத்து, நான்கு நான்காக எடுத்து, 750 சாம்பிள்களைக் கொண்டு தன் கணக்கைச் சரிபார்த்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாம்பிளில் n எண்கள் இருக்கும்போது, அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று கணக்கிட ஏன் n−1ஆல் வகுக்கிறோம் என்பதும் உங்களைக் குழப்பியிருக்கும். மூன்று எண்களின் சராசரி 10, அதில் இரண்டு 7ம் 12ம் என்றால் மூன்றாவது 11தான். அதற்குச் சுதந்திரம் கிடையாது. சராசரி தெரிந்துவிட்டால் சுதந்திரமாக மாறக்கூடியவை n−1 எண்கள்தான். இப்போதைக்கு இது போதும்.

புளியங்கொட்டை கிடைக்காவிட்டால் ஒரே அளவில் வெட்டிய சீட்டுகள் போதும். எக்ஸெலில் ஆயிரம் தடவை செய்வதெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதல் 50ஐக் கையால் எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் கிராஃப் தாளில் ஒரு புள்ளி வையுங்கள். பத்துப் பதினைந்து புள்ளி வரைக்கும் சிதறிக் கிடக்கும். முப்பதைத் தாண்டும்போது 8க்குப் பக்கத்தில் மேடு எழும்புவது தெரியும்.