வளரும் நாட்டில் அரசுக் கொள்கையை நடைமுறைப்படுத்துவதை எங்கே போய்க் கற்றுக்கொள்வது?

பொது நிர்வாகம் படிப்பவர் கேட்டிருக்கிறீர்கள். நானும் அதைப் படித்தவன்தான். நான் கைகாட்டும் இடத்தில் தூசி கொஞ்சம் அதிகம்: விவசாயிகளிடம் அரசு நெல் வாங்கும் நெல் கொள்முதல் நிலையம். வேறு வேலை கிடைக்காத ஒரு வருஷம், மன்னார்குடி பக்கம் ஒரு நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தராக உட்கார்ந்தேன்.

விதி எளிமையானது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்கக் கூடாது. ஒரு சிப்பம், அதாவது மூட்டை, 40 கிலோ. பணம் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். ஆனால் குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் வருகிறது. மேட்டூரை வழக்கம்போல ஜூன் 12ஆம் தேதியே திறந்தாலும், அறுக்கும்போது வடகிழக்குப் பருவமழை தலைக்கு மேல் நிற்கும். இப்போது எல்லாம் மிஷின் அறுப்பு. பச்சை நெல் வயலிலிருந்து நேரே வந்துவிடுகிறது. காயப்போட தார் ரோடுதான் களம்.

ஒருநாள் ஒரு அம்மாவின் நெல்லைப் பார்த்தேன். அம்பாரத்தின் மேலாக அள்ளி ஈரப்பதமானியில் போட்டால் 16.8. முழங்கை வரை கையை விட்டு அடியில் அள்ளினால் 20. "மூணு நாளா ரோட்டுல கொட்டுறேன், அள்ளுறேன். காயுறதுக்குள்ள தூறல் விழுந்துடுது. இன்னும் என்னதான் பண்ணச் சொல்றீங்க தம்பி?" என்றார். மனசு கேட்கவில்லை, எடுத்துவிட்டேன். அந்த வாரம் இப்படி இன்னும் பல பேருக்கு. பக்கத்தில் இருந்த உதவுபவர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

ஏன் என்பது மூட்டைகளைக் கிடங்குக்கு ஏற்றிப்போகும் லாரி வந்தபோது தெரிந்தது. லாரி வர ஒன்பது நாள் ஆகியிருந்தது. 20 சதவீத ஈரத்தில் 40 கிலோ பிடித்த மூட்டை, 17க்குக் காய்ந்தால் 38.5 கிலோதான் நிற்கும். ஆயிரம் மூட்டைக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஒன்றரை டன் காற்றோடு போயிருக்கும். நான் எடுத்தது அவ்வளவு இல்லை, நல்லவேளை. குறைந்த எடைக்கான பணத்தை யாரிடம் பிடிப்பார்கள்? என்னிடம்தான் பிடித்தார்கள்.

அதற்குப் பிறகு நானும் 17.5 வந்தால்கூடத் திருப்பி அனுப்பினேன். கல்நெஞ்சுக்காரன் என்று ஊர் திட்டியது. மூட்டைக்கு இவ்வளவு என்று கைநீட்டும் வழக்கமும் இந்த இடுக்கில்தான் வேர்விடுகிறது. கைநீட்டுகிறவரைக் கேட்டால் எடைக் குறைவைக் காட்டுவார். அது பாதி உண்மை, மீதி சாக்கு. (நெல் பிடிக்கிற சாக்கு இல்லை, அது பல நாள் கையிருப்பிலேயே இருக்காது.)

மழைக் காலத்தில் ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநிலம் கேட்கும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். ஆணை வருவதற்குள் அடிநெல் முளைவிட்டிருக்கும். என்னைக் கேட்டால் வரம்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் லாரியைப் பற்றிப் பேச வேண்டும். மூட்டை இரண்டு நாளில் நகர்ந்தால் எழுத்தருக்குப் பயம் பாதி குறையும்.

சரி, நீங்கள் போவதாக இருந்தால் சம்பா அறுப்புக்குத் தையில் போகாதீர்கள். அப்போது பெரும்பாலும் வெயில் காயும், எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலத் தெரியும். புரட்டாசிக் கடைசியில் போங்கள். அப்புறம், நிலையத்தில் அதிகாரியைத் தேடாமல் முதலில் சுமை தூக்குகிறவர்களோடு உட்கார்ந்து டீ குடியுங்கள். எந்த மூட்டை எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.