ராணுவ போலீஸின் அதிகாரம் எதுவரை? கடலூர், புதுவை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

புதுச்சேரி போலீஸுக்கும் சிவப்புத் தொப்பி, மிலிட்டரி போலீஸுக்கும் சிவப்புத் தொப்பி. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (முத்தியால்பேட்டை வாசகர்)

நிறம் மட்டும்தான் ஒன்று. புதுச்சேரிக் காவலர் அணிவது கெப்பி. விறைப்பாக, வட்டமாக, முன்பக்கம் சிறு முனையோடு இருக்கும். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த பிறகும் தங்கிவிட்ட பிரெஞ்சு வழக்கம் அது. ராணுவ போலீஸ் அணிவது மெத்தென்ற, ஒருபக்கம் சாய்ந்த பெரே தொப்பி. இந்த வழக்கம் பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து வந்தது. தொப்பியோடு வெள்ளை பெல்ட்டும், கையில் எம்.பி. (மிலிட்டரி போலீஸ்) என்ற எழுத்துப் பட்டையும் இருக்கும்.

எழுத்தைக் கவனித்துப் படியுங்கள். பட்டையில் ஆர்.பி. என்றிருந்தால் அவர் ரெஜிமென்டல் போலீஸ். அந்தந்த யூனிட் தன் கேட்டையும் ஒழுங்கையும் பார்த்துக்கொள்ளத் தன் ஆட்களிலிருந்தே நியமிப்பவர்; ராணுவ போலீஸ் பிரிவைச் சேர்ந்தவர் அல்ல. கப்பல்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனி ஏற்பாடு உண்டு.

இந்தியாவில் ராணுவ போலீஸ் எப்போது தொடங்கியது? போர்க்களத்தில் போலீஸுக்கு என்ன வேலை? (நெல்லிக்குப்பம், கல்லூரி மாணவர்)

1939 ஜூலை 7 அன்று ‘ஃபோர்ஸ் 4 புரோவோஸ்ட் யூனிட்’ என்ற பெயரில் முதல் பிரிவு எழுப்பப்பட்டது (புரோவோஸ்ட் என்றால் ராணுவ போலீஸ்). குதிரைப்படை ரெஜிமென்டுகளிலிருந்தும் பஞ்சாப் ரெஜிமென்டிலிருந்தும் ஆட்களை எடுத்தார்கள். சீக்கிரமே அது 4-வது இந்திய டிவிஷனின் புரோவோஸ்ட் யூனிட் ஆனது. 1940-இல் எகிப்தின் சிதி பரானி, 1941-இல் எரித்ரியாவின் கெரென், 1944-இல் இத்தாலியின் கசினோ என்று அந்த டிவிஷன் போரிட்டது.

ஒழுங்கு மீறிய சிப்பாயைப் பிடிப்பதுதான் இவர்கள் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். போர்க்காலத்தில் இவர்களின் முதல் வேலை சாலை. ஒரு கணக்கு பாருங்கள். 60 லாரிகள் கொண்ட கான்வாய். லாரி நீளம் 8 மீட்டர், இடைவெளி 50 மீட்டர். மொத்த நீளம் ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நாற்சந்தியைக் கடக்க 7 நிமிடம் ஆகும். அந்த 7 நிமிடமும் குறுக்குச் சாலையை ஒருவர் மறித்து நிற்க வேண்டும். முன் லாரி கொஞ்சம் வேகம் குறைத்தால் போதும், அந்தத் தயக்கம் பின்னால் போகப் போகப் பெருகி, கடைசி லாரி நின்றே விடும். பிறகு அதன் டிரைவர் இடைவெளியை அடைக்க விரட்டுவார். விபத்து அங்கேதான் நடக்கும். இடைவெளி சுருங்கினால் ஒரே குண்டுக்கு மூன்று நான்கு வண்டிகள் போய்விடும். முதல் வண்டி தவறான பிரிவில் திரும்பிவிட்டாலோ, குறுகிய சாலையில் 60 லாரிகளையும் திருப்ப வழியே கிடையாது. அதனால்தான் கான்வாய் கிளம்புவதற்கு முன்பே ராணுவ போலீஸ் போய் வழிகாட்டிப் பலகை நட்டு, சந்திகளில் ஆள் நிறுத்தி, எந்த யூனிட் எத்தனை மணிக்குக் கடந்தது என்று குறித்துக்கொள்கிறது. இருட்டில், விளக்கை மங்கவைத்து ஓட்டும்போது இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பீரங்கிக்குப் போக வேண்டிய குண்டு வேறு ஊருக்குப் போய்ச் சேரும். போர் வரலாறு எழுதுபவர்கள் இந்த உழைப்பை இரண்டு வரியில் கடந்துவிடுவது எங்களுக்கு வருத்தம்தான்.

அடுத்தது போர்க்கைதிகள். 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரில் ஏறத்தாழ 93,000 பேர் நம் காவலுக்கு வந்தார்கள். ஆயுதத்தை வாங்கிச் சோதனையிடுவது, பட்டியல் எடுப்பது, பின்னணி முகாமுக்குக் கொண்டுசேர்ப்பது ஆகியவை புரோவோஸ்ட் பணிகள். மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தப்படி கைதி பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் ஆகியவற்றைச் சொன்னால் போதும். அவருடைய சொந்தப் பொருட்கள் அவரிடமே இருக்க வேண்டும். பணத்தை எடுப்பதானால் அதிகாரியின் உத்தரவு வேண்டும். ரசீதும் கொடுக்க வேண்டும்.

என் மகன் லீவில் வந்த இடத்தில் டெங்கு காய்ச்சல். லீவு முடிய இரண்டு நாள்தான் இருக்கிறது. மிலிட்டரி போலீஸ் வந்து பிடித்துப் போவார்களா? (பண்ருட்டி, தாயார்)

பதற வேண்டாம் அம்மா. ஆனால் இன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள்.

லீவு முடிவதற்குள் தகவல் யூனிட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். மகன் பேசும் நிலையில் இருந்தால் அவரே கம்பெனி அலுவலகத்துக்குப் பேசட்டும். முடியாவிட்டால் நீங்கள் பேசுங்கள். படை எண், பெயர், லீவு முடியும் தேதி, சேர்த்திருக்கும் மருத்துவமனை, டாக்டர் சொன்ன நாட்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்று எழுதி வையுங்கள். போனோடு நிறுத்திவிடாதீர்கள். மருத்துவமனைச் சீட்டு, ரத்தப் பரிசோதனை அறிக்கை, லீவுச் சான்றிதழ் மூன்றையும் படம் பிடித்து அனுப்பி, அசலைப் பத்திரப்படுத்துங்கள். பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதும் ராணுவ மருத்துவமனையில் காட்ட வேண்டுமா, நேரே யூனிட்டுக்கு வர வேண்டுமா என்று யூனிட்டிடம் கேளுங்கள். அலைச்சலுக்குத் துணை வேண்டுமானால் கடலூரிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.

சட்டம் சொல்வது இது: ராணுவச் சட்டம், 1950, பிரிவு 39-இன்படி ‘போதிய காரணமின்றி’ லீவைத் தாண்டுவதுதான் குற்றம். அந்தப் போதிய காரணத்தைக் காட்டப்போவது நீங்கள் சேர்த்து வைக்கும் காகிதங்கள்தான். பெரும்பாலான குடும்பங்கள் சறுக்கும் இடமும் அதுவே: மாத்திரை வாங்கிக் கொடுத்து வீட்டிலேயே படுக்க வைப்பார்கள், பத்து நாள் கழித்துக் காட்ட ஒரு சீட்டும் இருக்காது.

எந்தத் தகவலும் இல்லாமல் 30 நாள் கடந்தால் நிலைமை வேறு. பிரிவு 106-இன்படி ராணுவத்தின் விசாரணைக் குழு (கோர்ட் ஆஃப் என்கொயரி) கூடி அவர் வராததைப் பதிவு செய்யும். அதற்குப் பின்னும் அவர் சரணடையாமலும் பிடிபடாமலும் இருந்தால் ஓடிப்போனவராகவே கருதப்படுவார். அந்த நிலையில் வீட்டுக்கு முதலில் வருவது பெரும்பாலும் உள்ளூர்க் காவல் நிலையத்து ஆட்கள்தான். கமாண்டிங் ஆபீசர் எழுதித் தெரிவித்தால், வாரண்ட் பிறந்ததற்குச் சமமாக எடுத்துக்கொண்டு அவரைத் தேடுவது காவல்துறையின் கடமை. மூன்று வருடம் ஒளிந்திருந்தால் கேஸ் போய்விடும் என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓடிப்போன குற்றத்துக்கு அந்தக் காலவரம்பு கிடையாது. இப்படி யாராவது இருந்தால், தானாகப் போய் நிற்பதே அவருக்கு நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

ராணுவக் காவலில் வைத்தாலும் வரம்பு உண்டு. கமாண்டிங் ஆபீசருக்குத் தகவல் போன 48 மணி நேரத்துக்குள் குற்றச்சாட்டை விசாரிக்கத் தொடங்க வேண்டும் என்பது பொது விதி. ஞாயிறும் அரசு விடுமுறையும் அதில் சேராது. ராணுவ போலீஸ் தன் சொந்த அதிகாரத்தில் யாருக்கும் தண்டனை கொடுக்க முடியாது என்று பிரிவு 107 தெளிவாகவே சொல்கிறது.

பைக் விற்பனை விளம்பரம் பார்த்துப் பேசினேன். ‘நான் மிலிட்டரி போலீஸ், டிரான்ஸ்பர் ஆகிவிட்டேன்’ என்று அடையாள அட்டையையும் அனுப்பினார். முன்பணம் கேட்கிறார். (வில்லியனூர்)

அனுப்பாதீர்கள். முழுக்க மோசடி. பார்க்காத வண்டிக்கு முன்பணம், ராணுவ பார்சலில் வண்டி வரும் என்ற பேச்சு, பணம் பெறவே கியூ.ஆர். கோடு ஸ்கேன் செய்யச் சொல்வது எல்லாம் ஒரே கும்பலின் வழக்கமான படிகள். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகுமே தவிர வராது. உண்மையான சிப்பாய் தன் அடையாள அட்டையை முன்பின் தெரியாதவருக்கு அனுப்ப மாட்டார். பணம் போய்விட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். முதல் சில மணி நேரத்தில்தான் வங்கியில் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

ராணுவப் பச்சை சட்டை போட்டிருந்தால் மிலிட்டரி போலீஸ் பிடிக்குமா? (லாஸ்பேட்டை)

பொதுமக்கள் மீது அவர்களுக்குத் தனி அதிகாரம் இல்லை. உள்ளூர்க் காவல்துறையிடம் சொல்வார்கள். சிப்பாய் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு சீருடை அணிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 168-இன்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ராணுவ முகாம் இருக்கும் ஊருக்குப் போகும்போது அந்தச் சட்டையைத் தவிர்த்துவிடுங்கள்.

ராணுவ லாரி மோதி அப்பாவுக்குக் கால் முறிந்துவிட்டது. புகாரை ராணுவ போலீஸிடம் கொடுக்க வேண்டுமா? (திருப்பாதிரிப்புலியூர்)

உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுங்கள். ராணுவ போலீஸ் நடத்துவது அவர்களின் துறைக்கான தனி விசாரணை; உங்கள் இழப்பீடு அதில் வராது. ராணுவ வண்டியின் எண்ணில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும். அதோடு சேர்ந்த இலக்கங்களையும் கடைசி எழுத்தையும் விடாமல் புகாரில் எழுதுங்கள். சாதாரணப் பதிவெண் போல ஆர்.டி.ஓ. தளத்தில் அதைத் தேட முடியாது. இழப்பீட்டு மனுவை மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இந்திய அரசை எதிர்த்துப் போட வேண்டும். 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

தங்கை ராணுவ போலீஸில் சேர விரும்புகிறாள். பெண்களை எடுக்கிறார்களா? (குறிஞ்சிப்பாடி)

எடுக்கிறார்கள். முதல் அணியில் 83 பெண்கள் பெங்களூரு பயிற்சி மையத்தில் 61 வாரப் பயிற்சி முடித்து 2021 மே 8 அன்று படையில் சேர்ந்தார்கள். இப்போது அக்னிவீர் திட்டத்தில் எடுக்கிறார்கள்: 4 ஆண்டுப் பணி, அதன் பின் 25 சதவீதம் வரை நிரந்தரம். பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதமும், பாடத்துக்கு 33 சதவீதமும் கேட்டுவருகிறார்கள். வயதையும் உயரத்தையும் அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துத் தேர்வு முடிந்து மைதானத்துக்கு வந்தால் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், 10 அடி நீளம் தாண்டல், 3 அடி உயரம் தாண்டல். தாண்டலுக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் தேறியே ஆக வேண்டும். ஓட்டத்தில் முதல் பிரிவுக்கான நேரம் 7 நிமிடம் 30 விநாடி. 400 மீட்டர் ஓடுபாதையில் 4 சுற்று. சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. சில்வர் பீச் மணலில் மட்டும் பழகினால் கால் வலுப்பெறும், ஆனால் இந்த வேகக் கணக்கு பிடிபடாது. வாரத்தில் இரண்டு நாளாவது கெட்டித் தரையில் கடிகாரம் வைத்து ஓடச் சொல்லுங்கள். முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டு மூன்றாவது சுற்றில் நடப்பவர்களே அதிகம். முதல் இரண்டு சுற்றையும் 1 நிமிடம் 50 விநாடிக்குக் குறையாமல் ஓடப் பழகட்டும்.