கரண்ட் (கதிர்வீச்சு) வைத்த மார்பில் கட்டி தட்டுப்பட்டால்: கேள்வி பதில்

மார்பகப் புற்றுநோய் வார்டில் 22 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். மார்பை எடுத்த பிறகு வயிற்றுச் சதையோ முதுகுச் சதையோ இம்ப்ளான்ட் என்கிற சிலிக்கான் பையோ வைத்துப் புது மார்பு அமைத்துக்கொண்ட பெண்களுக்குக் கட்டு மாற்றியிருக்கிறேன், வீட்டுக்குப் போன பிறகும் போனில் பேசியிருக்கிறேன். அவர்களில் பலர் என்றாவது ஒருநாள் ஒரே விஷயத்துக்காகத்தான் கூப்பிடுவார்கள்: "சிஸ்டர், கையில் ஏதோ தட்டுப்படுகிறது." இந்த முறை வந்த கேள்விகளும் அதைப் பற்றியே. நான் டாக்டர் இல்லை, உங்கள் கட்டியைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

மதுரை வாசகி, வயது 46: இரண்டு வருடத்துக்கு முன் இடது மார்பை எடுத்து, 15 நாள் கரண்ட் வைத்தார்கள். எட்டு மாதத்துக்கு முன் வயிற்றுச் சதையில் புது மார்பு அமைத்தார்கள். இப்போது மேல் ஓரத்தில் கொண்டைக்கடலை அளவுக்குக் கெட்டியாக இருக்கிறது. நோய் திரும்பிவிட்டதா?

உங்களுக்குச் சொல்லப்போகிற பெயர் ஃபேட் நெக்ரோசிஸாக இருக்க வாய்ப்பு அதிகம். வயிற்றிலிருந்து எடுத்த சதைக்குப் பெரும்பாலும் மார்பில் உள்ள மெல்லிய ரத்தக்குழாயோடு இணைப்பு கொடுத்துத்தான் உயிர் ஊட்டுகிறார்கள். அந்த இணைப்பிலிருந்து தள்ளி இருக்கிற ஓரங்களுக்கு ரத்தம் போதாமல் போனால் அங்கே உள்ள கொழுப்பு செத்துக் கெட்டியாகிவிடும். உங்கள் கட்டியும் ஓரத்தில்தான் இருக்கிறது. ஏற்கெனவே கரண்ட் பட்ட இடத்தில் ரத்தக்குழாய்கள் நொய்ந்திருக்கும். சதை வைத்த பிறகு கரண்ட் வைத்தவர்களுக்கு இது இன்னும் அதிகமாக வரும். அறுவைக்குப் பின் சில வாரத்திலிருந்து ஓரிரு வருடத்துக்குள் தெரிவதுதான் வழக்கம்.

ஆனாலும் "அதுவாகத்தான் இருக்கும்" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். நோய் திரும்பும்போதும் பெரும்பாலும் தோலுக்கு அடியிலோ தழும்புக்குப் பக்கத்திலோதான் தட்டுப்படும். இரண்டுமே கல் போல இருக்கலாம், இரண்டுமே வலிக்காமல் இருக்கலாம். அனுபவப்பட்ட சர்ஜன்களே தொட்டுப் பார்த்துவிட்டு, "எதற்கும் ஸ்கேன் பார்த்துவிடலாம்" என்று எழுதுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் மேமோகிராம் அல்லது எம்.ஆர்.ஐ., அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் பயாப்சி, அதாவது ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது. ஒன்றை மறக்காதீர்கள். ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கு அறுவைக் குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள். உள்ளே இருப்பது வயிற்றுச் சதை என்று தெரியாமல் படத்தைப் பார்த்தால் அவர்களும் குழம்புவார்கள், நீங்களும் பயந்து திரும்புவீர்கள்.

ஃபேட் நெக்ரோசிஸ்தான் என்று உறுதியானால் பெரும்பாலும் சும்மா விட்டுவிடலாம். சின்னதாக இருந்தால் மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும். பெரிதாக இருந்தாலோ வலித்தாலோ எடுத்துவிடுவார்கள். இடையில் கட்டி வளர்கிறது, தோல் சிவந்து இழுக்கிறது, அக்குளிலோ கழுத்தெலும்புக்கு மேலோ இன்னொன்று தட்டுப்படுகிறது என்றால் கொடுத்த தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு பயாப்சி சொல்லியிருக்கிறார்கள். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று பாட்டி விடவே மாட்டேன் என்கிறார்.

இந்தப் பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, பாட்டியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊசி குத்துவதால் நோய் உடம்பெங்கும் பரவுவதில்லை. குத்தாமல் விட்டு, இருப்பது என்னவென்றே தெரியாமல் மாதங்கள் ஓடுவதுதான் ஆபத்து.

ஒருமுறை ஒரு அம்மாவுக்கு ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி வைத்தார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிஞ்சில் ஏறியது ரத்தமில்லை, நல்லெண்ணெய் மாதிரி மஞ்சளாக, கொழகொழவென்று எண்ணெய். செத்த கொழுப்பு உருகிப் பை கட்டியிருந்தது. டாக்டர் சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மூன்று வாரமாகத் தூங்காத அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் அழுதுவிட்டார். முடிந்தால் இதைப் பாட்டியிடம் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு உள்ளே இம்ப்ளான்ட் இருந்தால் ஊசி வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அதில் படாமல் குத்த வேண்டும் இல்லையா.

கோயம்புத்தூர்: இம்ப்ளான்ட் வைத்து, அதன் பிறகு கரண்ட் வைத்தார்கள். ஒரு வருடம் கழித்து மார்பே ஒரு பந்து மாதிரி இறுகி மேலே ஏறிவிட்டது. இதுவும் கட்டியா?

தனிக் கட்டி என்று சொல்ல முடியாது. எந்த இம்ப்ளான்டைச் சுற்றியும் உடம்பு ஒரு சவ்வு கட்டும். கரண்ட் பட்டால் அந்தச் சவ்வு தடித்துச் சுருங்கி இம்ப்ளான்டை நெருக்குகிறது. இதை பேக்கர் அளவு என்று நான்கு நிலையாகப் பிரிப்பார்கள். நான்காவது நிலையில் வலியும் இருக்கும். சவ்வை எடுத்து இம்ப்ளான்டை மாற்றலாம், இல்லையென்றால் சொந்தச் சதைக்கு மாறலாம். பிளாஸ்டிக் சர்ஜனிடம் இரண்டையும் கேளுங்கள். விளிம்பில் மடிப்பு மாதிரி தட்டுப்படுவதையும் காட்டிவிடுங்கள்.

பல வருடம் நன்றாக இருந்த மார்பு திடீரென்று ஒரு பக்கம் வீங்கினால் அது வேறு விஷயம். சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளான்டைச் சுற்றி மிக அரிதாக ஒருவகை லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) வருகிறது. தேங்கிய நீரை எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சேலம்: வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் கட்டி கரையுமா? எண்ணெய் போட்டு நீவலாமா?

ஒத்தடம் வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். புது மார்பில் உணர்ச்சி மிகக் குறைவு, கரண்ட் பட்ட தோலோ எளிதில் ஆறாது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு சீரியல் பார்த்திருக்கிறார். சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. ராத்திரி நைட்டி மாற்றும்போதுதான் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளத்தைப் பார்த்தார். ஆற இரண்டு மாதம் ஆனது. ஐஸ் கட்டிக்கும் இதே கதைதான்.

தழும்பை நீவுவது நல்லதுதான், பிசியோதெரபிஸ்ட் காட்டிக்கொடுத்த மாதிரி செய்யுங்கள். கட்டியைப் போட்டு அழுத்திப் பிசைவதால் அது கரையாது.

பெயர் வேண்டாம் என்ற வாசகி: கரண்ட் வைத்து ஆறு வருடம் ஆகிறது. அந்தத் தோலில் அடிபட்ட மாதிரி ஊதா நிறத் திட்டு. அடி எதுவும் படவில்லை.

இந்த வாரமே போங்கள். கரண்ட் பட்ட தோலில் வருடங்கள் கழித்து ஆஞ்சியோசார்கோமா என்ற அரிய புற்றுநோய் இப்படித்தான், கட்டியே இல்லாமல், கன்றிப்போன காயம் போலத் தொடங்கும். வேறு சாதாரணக் காரணமாகவும் இருக்கலாம். தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சென்னையிலிருந்து ஒரு கணவர்: ஸ்கேனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மனைவி ராத்திரி முழுக்க அதையே அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் என்ன சொல்வது?

"ஒன்றும் இருக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவருக்கு அது நீங்கள் கேட்கவே இல்லை என்பது போலப் படும். அழுத்த அழுத்த அந்த இடம் புண்ணாகி இன்னும் பெரிதாகத் தெரியும், இதைச் சொல்லலாம். குளிக்கும்போது ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும், அளவையும் இடத்தையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். டாக்டருக்கும் அது உதவும். நாளைக்குக் காலையிலேயே ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டு, யாராவது வராமல் போனால் அந்த நேரத்தைத் தரச் சொல்லிக் கேளுங்கள், பல இடங்களில் தருவார்கள். ரிப்போர்ட் வாங்கும் நாளுக்கு இப்போதே லீவு சொல்லிவிடுங்கள். அந்தக் கவரை அவர் தனியாகப் பிரிக்கக் கூடாது.