நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு முழு ஸ்காலர்ஷிப் தரும் கல்லூரியை எப்படித் தேடுவது?

"மகள் பிளஸ் டூ படிக்கிறாள். 600-க்கு 570-ஐத் தாண்டுவாள். நாங்கள் வேலூர் பக்கம். மெரிட் பார்த்து முழுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யும் கல்லூரிகள் எவை, எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குடியாத்தம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். ஏப்ரல், மே வந்தாலே பெற்றோர்கள் இந்தக் கேள்வியோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களிடம் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலா படிக்கிறாள்? ஆமாம் என்றால் உங்கள் தேடலில் முக்கால்வாசி இங்கேயே முடிந்துவிடும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-லும் வந்தது. பலர் இதை வெறும் சீட் ஒதுக்கீடு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைக்குக் கற்றல் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. கிடைத்தது தனியார் கல்லூரி என்றாலும் அப்படித்தான். இதற்கு மேல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். ஐஐடி, எய்ம்ஸ் மாதிரி இடத்தில் சீட் வாங்கிவிட்டால் அந்த இளநிலைப் படிப்புச் செலவையும் ஏற்பதாகத் தமிழக அரசு 2022 பட்ஜெட்டில் அறிவித்தது. தனியார் கல்லூரிகளின் மெரிட் ஸ்காலர்ஷிப்பில் இந்த அளவுக்குக் கைகொடுப்பவை மிகக் குறைவு.

அரசுப் பள்ளி இல்லை என்றால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். விஐடியில் மாநில வாரியத்திலும் மத்திய வாரியத்திலும் முதலிடம் பிடிப்பவருக்கு நான்கு வருடக் கற்றல் கட்டணமும் தள்ளுபடி. அவர்களின் நுழைவுத் தேர்வில் முதல் 10 ரேங்குக்கு 75 சதவீதம், 50 வரை பாதி, 100 வரை கால் பங்கு. ஆக, நன்றாகப் படிக்கும் பிள்ளை என்பது மட்டும் போதாது, லட்சக்கணக்கானவர்களில் முதல் நூறுக்குள் வர வேண்டும். ஆனால் அதே விஐடியில், மறுபடி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே, 'ஸ்டார்ஸ்' என்று ஒரு திட்டம் 2008 முதல் இருக்கிறது. கிராமப்புற அரசுப் பள்ளியில் படித்து மாவட்ட அளவில் முதலிடம் பெறும் ஒரு மாணவன், ஒரு மாணவிக்குக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாமே இலவசம். உண்மையிலேயே 'முழு' என்று சொல்லத்தக்கது இதுதான். மதிப்பெண் வரிசையில் முதலிடம் யார் என்று தமிழக அரசு 2017 முதல் அறிவிப்பதில்லை. அதனால் கல்லூரியே கூப்பிடும் என்று காத்திருக்காமல், ரிசல்ட் வந்த வாரமே விண்ணப்பித்துவிட வேண்டும்.

கல்லூரிகள் தரும் ஸ்காலர்ஷிப் கடிதத்தை எப்படிப் படிப்பது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் கரைவது இங்கேதான். பீடி சுற்றிப் பெண்ணைப் படிக்கவைத்த ஒரு அம்மா, வெளி மாவட்டக் கல்லூரி ஒன்றின் கடிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகப் போட்டு எடுத்துவந்தார். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் '100% ஸ்காலர்ஷிப்'. பின்பக்கத்தைத் திருப்பினோம். தள்ளுபடி கற்றல் கட்டணத்துக்கு மட்டும். வளர்ச்சிக் கட்டணம், லேப், தேர்வு, பயிற்சிக் கட்டணம் தனி. ஹாஸ்டலும் மெஸ்ஸும் தனி. சராசரி பத்துக்கு 8.5-க்குக் கீழே இறங்கினாலோ ஒரு அரியர் விழுந்தாலோ அடுத்த வருடத்திலிருந்து முழுக் கட்டணம். எல்லாவற்றையும் பழைய காலண்டர் தாளின் பின்னால் வரிசையாக எழுதிக் கூட்டினோம். வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்குப் பக்கத்தில் வந்தது. "அப்போ நூறு சதவீதம்னு போட்டிருக்கே சார்?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பெண் கலந்தாய்வு வழியாக ஒரு அரசுப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகையும் சேர்ந்ததால் வீட்டில் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை.

அதனால் எந்தக் கல்லூரி என்றாலும் அட்மிஷன் அலுவலகத்தில் இதையெல்லாம் கேளுங்கள்: தள்ளுபடி எந்தெந்தக் கட்டணத்துக்கு, எத்தனை வருடத்துக்கு, என்ன மதிப்பெண் குறைந்தால் நிற்கும், நின்றால் மறுபடி கிடைக்குமா, போன வருடம் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். "சேருங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடலாம். அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை யாரையாவது பிடித்து விசாரித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. பிப்ரவரி, மார்ச்சிலேயே போன் மேல் போன் வரும்: "இப்பவே சீட் புக் பண்ணினா ஸ்காலர்ஷிப் உண்டு." அவசரப்பட்டு, கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கு மட்டுமே உரிய 7.5 சதவீதமும் முதல் பட்டதாரிச் சலுகையும் கைவிட்டுப் போகும். எஸ்சி, எஸ்டி பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க அரசு தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. ஒரு பக்கம் தருவதுபோல் தந்து மறுபக்கம் அதைவிடப் பெரியதை இழக்க வைக்கும் ஏற்பாடு இது. எந்தக் கல்லூரியிலும் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே சொல்லிவிட்டது.

ஸ்காலர்ஷிப் என்ற பெயரே இல்லாமல் முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான இடங்களும் இருக்கின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் எம்.பி.பி.எஸ். கற்றல் கட்டணம் தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் நீட் மதிப்பெண் வேண்டும், திருச்சபை போன்ற அமைப்பு ஒன்றின் ஸ்பான்சரில் சேர்ந்தால், படித்து முடித்ததும் அந்த அமைப்பு காட்டும் இடத்தில் சில வருடம் வேலை செய்யும் கடமையும் உண்டு. அதைச் சுமையாக நினைக்காத பிள்ளைக்கு அருமையான இடம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி, பாகாயம் தந்தை பெரியார் அரசுப் பொறியியல் கல்லூரி, சென்னையில் கிண்டி பொறியியல் கல்லூரி என்று அரசுக் கல்லூரிகளின் கட்டணத்தைப் பாருங்கள். தனியாரில் 50 சதவீதத் தள்ளுபடி வாங்கினாலும் அதைவிட இது குறைவாகத்தான் இருக்கும்.

மகளுக்குக் கணக்கு என்றால் உயிரா? அப்படியென்றால் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைப் பற்றி அவளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். கொல்கத்தாவில் பி.ஸ்டாட். என்ற புள்ளியியல் பட்டம், பெங்களூரில் பி.மேத். என்ற கணிதப் பட்டம். கற்றல் கட்டணம் வாங்காமல், நன்றாகப் படிக்கும் வரை மாதந்தோறும் உதவித்தொகையும் கொடுத்துப் படிக்கவைக்கும் இடம். நம் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு ரயில் ஏறினால் நாலு மணி நேரம், ஆனாலும் எங்கள் பகுதியில் இதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. நுழைவுத் தேர்வு கடினம். பாடப்புத்தகக் கணக்கு மட்டும் போட்டுப் பழகினால் போதாது, பிளஸ் ஒன்னிலிருந்தே தயாராக வேண்டும். ஐஐடியில் எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கற்றல் கட்டணம் முழுத் தள்ளுபடி. மற்றவர்களில் குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் முழுவதும், 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கும் தள்ளுபடி.

பொறியியலும் மருத்துவமும் வேண்டாம், இயற்பியலோ வேதியியலோ கணிதமோ படிக்கிறேன் என்று மகள் சொன்னால் தயவுசெய்து தடுக்காதீர்கள். வாரியத் தேர்வில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் பட்டப்படிப்பில் சேர்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வருடத்துக்கு 80,000 ரூபாய். காட்பாடி ஆக்சிலியம் கல்லூரியிலோ வேலூர் ஊரீசு கல்லூரியிலோ பி.எஸ்சி. சேர்ந்து இதை வாங்கும் பிள்ளைக்குக் கட்டணம் போகப் புத்தகத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் கையில் பணம் நிற்கும். பொறியியல், டிப்ளமா படிக்கும் பெண்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யின் பிரகதி உதவித்தொகை, வருடத்துக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம். இவை கல்லூரியைப் பார்த்து வருபவை அல்ல, பிள்ளையைப் பார்த்து வருபவை. கல்லூரிகளின் பட்டியலை மட்டும் தேடிக்கொண்டிருப்பவர்கள் கண்ணில் இவை படுவதே இல்லை.

வெளிநாடு பற்றியும் சிலர் கேட்பதால் ஒரு வரி. ஹார்வர்டு, எம்ஐடி போன்றவை மதிப்பெண்ணுக்காக ஸ்காலர்ஷிப் தருவதில்லை. இடம் கிடைத்த பிறகு குடும்ப வருமானம் பார்த்து உதவுகிறார்கள்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். ரிசல்ட் வந்த பிறகு போனால் கூட்டம் தாங்காது. மகள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி ஆதாரோடு இணையுங்கள். ஆதாரில் இனிஷியல் பெயருக்கு முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை என்று இருந்தால் ஸ்காலர்ஷிப் ஒதுக்கீடாகியும் பணம் வராமல் நிற்கும். பிளஸ் டூ மார்க் ஷீட் அச்சாவதற்கு முன்பே பள்ளியில் சொல்லி மூன்றிலும் ஒரே மாதிரி வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.