மாநிறம், இருநிறம் – கடிதம்

வணக்கம் ஐயா,

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வேலந்தாவளத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட் மாடல் பார்ப்பதற்காகத் தமிழ், மலையாளம் இரண்டிலும் பெண்கள் இதழ்கள் வாங்கிப் போட்டிருக்கிறேன். பத்தாவது படிக்கும் என் மகள் பள்ளி விட்டு வந்ததும் கடையில்தான் இருப்பாள். போன வாரம் ஒரு இதழைப் புரட்டிக்கொண்டே, "இதுல நம்மள மாதிரி ஒருத்தர்கூட இல்லையேம்மா" என்றாள். மறுநாள் முகத்துக்கு கிரீம் வாங்கித் தரச் சொன்னாள். இதழ்களை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். என் கணவரோ, "ஜனங்க ஆசைப்படறதத்தானே போடறாங்க, பத்திரிகையக் குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது" என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி, வேலந்தாவளம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வரி என் அக்காவை நினைவுபடுத்திவிட்டது. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகப் போகும்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1988இல் அக்காவுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தோம். பத்திரிகையில் 'மணமகன் தேவை' கொடுக்கலாம் என்று அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறைக்குப் போனார். தமிழ்ப் பத்திரிகைக்கும் மலையாளப் பத்திரிகைக்கும் அங்கே ஒரே ஏஜென்ட்தான். அப்பா வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். வயது, நட்சத்திரம், படிப்பு, உயரம். நிறம் என்ற இடத்தில் 'மாநிறம்'. மலையாளத்தில் அதற்கு 'இருநிறம்' என்பார்கள்.

ஏஜென்ட் தாளை வாங்கிப் பார்த்தார். பேனாவை எடுத்து அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்தார். "இதப் போட்டீங்கன்னா கடுதாசி வராதுங்க" என்றார். தமிழுக்கு 'சிவந்த நிறம்' என்றும் மலையாளத்துக்கு 'வெளுத்த நிறம்' என்றும் அவரே எழுதிக்கொண்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வார்த்தைக்கு இவ்வளவு என்று கணக்கு. எண்ணிப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினோம்.

கடுதாசி வந்தது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்கவும் வந்தது. அக்கா காபித் தட்டோடு வந்து நின்றாள். பையனின் அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேப்பர்ல செவப்புன்னு போட்டிருந்தீங்களே?" என்று அப்பாவைக் கேட்டார். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று நடுங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த விளம்பரத்தை எந்தக் கம்பெனியும் எழுதவில்லை. நாங்கள்தான் எழுதினோம். அத்தையின் மனதில் இருந்ததையும் எந்தப் பத்திரிகையும் புதிதாகக் கொண்டுவந்து வைக்கவில்லை. கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ போட்ட பால் கொடுத்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று நம் பாட்டிமார் சொல்லி வந்தது, வண்ண அட்டை போட்ட இதழ்களுக்கெல்லாம் முந்தியது. 1998இல் சென்னையிலிருந்து ஃபேர்எவர் என்ற கிரீம் வந்தபோது குங்குமப்பூவைத்தான் முன்னால் வைத்து விற்றார்கள். நம் அடுப்படியில் கிடந்த நம்பிக்கையை எடுத்து டியூபில் அடைத்து நமக்கே திருப்பிக் கொடுத்தார்கள். இதுவரைக்கும் உங்கள் கணவர் சொல்வது சரி.

அப்புறம்தான் எனக்கு உடன்பாடில்லை.

பாட்டியின் குங்குமப்பூ பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றியது. பிறந்து வளர்ந்த பெண்ணைப் பார்த்து, 'இத்தனை வாரத்தில் நீ மாறியாக வேண்டும்' என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. அதைச் சொன்னது விளம்பரம். ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் வந்தது 1975இல். மலையாளத்தில் வனிதா இதழ் தொடங்கியதும் அதே ஆண்டுதான். ஒன்றுக்காக மற்றது வந்தது என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தே நம் வீடுகளுக்குள் வளர்ந்தன. பெட்டியின் மேல் ஒரே பெண்ணின் முகம், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போவதுபோல் வரிசையாக அச்சாகியிருக்கும். பெண்கள் கண்ணாடி முன் நின்று அந்த வரிசையில் தாங்கள் எத்தனையாவது முகம் என்று பார்த்துக்கொண்டார்கள். அக்காவும் பார்த்திருக்கிறாள். 'கொஞ்சம் கறுப்பு' என்று பேச்சோடு பேச்சாகப் போய்க்கொண்டிருந்த ஒன்றுக்கு இதனால் ஒரு அளவுகோல் வந்துவிட்டது. அளக்க ஆரம்பித்தால் குறை தெரியும், குறை தெரிந்தால் கடைக்குப் போவோம். எங்கள் ஏஜென்ட் கேட்ட விவரத்திலும் நிறத்துக்கென்று ஒரு இடம் இல்லாமல் இருந்திருந்தால், அப்பா அதை எழுதியிருக்கவே மாட்டார். கேட்டார்கள், எழுதினார்.

ஆகவே உங்கள் கணவரிடம் இப்படிச் சொல்லுங்கள். ஆசை நம்முடையதுதான், ஆனால் அதற்கு அளவும் விலையும் வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

பத்திரிகை ஏன் இதற்கு இடம் கொடுக்கிறது என்றால், வழவழத் தாளில் வரும் இதழை நாம் கொடுக்கும் விலைக்குள் அச்சடிக்க முடியாது. மிச்சத்தை விளம்பரதாரர் தருகிறார். அதனால் இடது பக்கம் 'சொந்தக் காலில் நிற்கும் பெண்கள்' என்று நல்ல கட்டுரை, வலது பக்கம் கழுத்து முதல் இடுப்பு வரை தங்கத்தில் மூடிய மணப்பெண். கட்டுரை எழுதியவர் மனதாரத்தான் எழுதியிருப்பார். வலது பக்கத்தைப் பற்றி அவரால் ஒரு வரி எழுத முடியாது, அவ்வளவுதான்.

தங்கத்தைச் சொல்லாமல் நம் ஊர் இதழ்களைப் பற்றிப் பேச முடியாது. 2021 ஜூனில் கொல்லம் மாவட்டத்தில் ஆயுர்வேதம் படித்துக்கொண்டிருந்த ஒரு இளம்பெண் கணவர் வீட்டில் இறந்துபோனார். நூறு பவுனும் நிலமும் காரும் கொடுத்துக் கட்டிவைத்த பெண். அந்த ஆண்டே அன்றைய கேரள ஆளுநர் ஆரிப் முகமது கான், நகை விளம்பரங்களில் மணப்பெண்ணைக் காட்டுவதை விட்டுவிடுங்கள் என்று நகைக்கடைக்காரர்களைக் கேட்டுக்கொண்டார். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. ஆனாலும் கல்யாணப் பெண் என்றதும் நம் கண்ணுக்குள் வரும் படம் எது என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் படத்தை நமக்குள் பதிய வைத்ததில் அந்த வலது பக்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

எதுவும் மாறாது என்றும் நான் நினைக்கவில்லை. நிறத்தை வைத்து யாரையும் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014இல் நெறிமுறை கொண்டுவந்தது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரையே குளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. பல ஆண்டுகளாகப் பெண்கள் அமைப்புகள் போட்ட சண்டைக்கு அதில் பங்குண்டு. சென்னையில் 2009இல் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கமும் அதில் ஒன்று. பத்திரிகைகளும் நினைத்தால் முடியும். 2018 மார்ச்சில் மலையாள இதழான கிருகலட்சுமி, குழந்தைக்குப் பால் கொடுக்கும் பெண்ணை அட்டையில் போட்டு, 'உற்றுப் பார்க்காதீர்கள், எங்களுக்குப் பால் கொடுக்க வேண்டும்' என்று கேட்டது. ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள், உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டு பால் கொடுத்த எத்தனையோ பெண்களுக்காக ஒரு பத்திரிகை அன்று பேசியது.

ஆனாலும் உங்கள் மகள் சொன்னது அப்படியேதான் இருக்கிறது. நம் சித்தூர் வட்டத்து ஆட்களை எந்த இதழில் பார்க்கிறோம்? சென்னையில் அச்சாகும் இதழுக்கு நாம் கேரளா. கொச்சியில் அச்சாகும் இதழுக்கு நாம் 'பாண்டி', அதாவது தமிழர். எருத்தேம்பதியில் தென்னந்தோப்பு வேலைக்குப் போகிற பெண்ணின் முகமும், ஸ்கூட்டியில் தினமும் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பொள்ளாச்சி கல்லூரிக்குப் போகிற பெண்ணின் முகமும் இரண்டிலும் கிடையாது. நூற்றுக்கணக்கான பக்கம் புரட்டியும் தன்னைப்போல் ஒருத்தியைக் காணாத குழந்தை, தப்பு தன் முகத்தில்தான் என்று நினைத்துக்கொள்கிறது. கிரீம் கேட்டதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

2025 மார்ச்சில் கேரளத்தின் அன்றைய தலைமைச் செயலாளர் சாரதா முரளீதரன் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் அவருடைய கணவர். அவர் காலம் வெளுப்பு, இவர் காலம் கறுப்பு என்று யாரோ நிறத்தை வைத்துப் பேசியிருக்கிறார்கள். நாலு வயதில், தன்னை மறுபடி வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாக, அழகாக வெளியே எடுக்க முடியுமா என்று அம்மாவிடம் கேட்டதை அவர் அதில் சொல்லியிருந்தார். அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவருக்கே அந்த நாலு வயது மறக்கவில்லை.

இதழ்களை எடுக்க வேண்டாம். எடுத்தால் போனில் பார்ப்பாள், அங்கே பக்கத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். கடையில் கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் அவளிடம் ஒரு இதழையும் துணியில் கோடு போடும் சாக்கையும் கொடுங்கள். காசு வாங்கிப் போட்ட பக்கங்களில் எல்லாம் குறி போடச் சொல்லுங்கள். கட்டுரை மாதிரியே எழுதி, மூலையில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று போட்டிருப்பதையும் விடக் கூடாது. பிறகு இருவருமாக எண்ணிப் பாருங்கள்.

அக்கா இப்போது சித்தூரில் இருக்கிறாள். கல்யாணம் சொந்தத்திலேயே அமைந்தது. அவள் மகளுக்குப் போன வருடம் வரன் தேடி, மகன் இணையத்தில் பதிவு செய்ய உட்கார்ந்தபோது அதிலும் நிறத்துக்கு ஒரு கட்டம் இருந்திருக்கிறது. "அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போ" என்றாளாம். விட்டாலும் ஏற்றுக்கொண்டது என்று என்னிடம் போனில் இரண்டு முறை சொன்னாள்.

அன்புடன்.