சும்மா கிடக்கும் கணினி, சும்மா வருமா?

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகப் பகுதி வாசகி ஒருவரின் கேள்வி: “வலை, நைலான் கயிறு, மிதவை விற்கும் கடை எங்களுடையது. கடையிலும் கிடங்கிலுமாக ஆறு கேமரா மாட்டப்போகிறோம். வீட்டில் பழைய கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் ஒரு கார்டைச் செருகினால் போதும், தனியாக டிவிஆர் என்ற பதிவுப் பெட்டி எதற்கு என்கிறான் என் தம்பி. சரிதானா?”

உங்கள் தம்பி மின்கட்டணத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. பழைய மேசைக் கணினி 80 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். இரவும் பகலும் ஓடினால் மாதம் 58 யூனிட். ஹார்டு டிஸ்க்கோடு சேர்த்து 20 வாட்டில் ஓடும் டிவிஆருக்கு 14 யூனிட் போதும். ஆனாலும், கணினி வேண்டாம் என்று நான் சொல்வது காசுக்காக அல்ல.

மின்சாரம் போய்த் திரும்பினால் டிவிஆர் யாரும் தொடாமலே பதிவைத் தொடரும். கணினியிலோ முதலில் அது தானாக இயங்கும்படி பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில், சொல்லி வைத்திருக்க வேண்டும். கடவுச்சொல் கேட்காமல் விண்டோஸ் திறக்க வேண்டும். பிறகு பதிவு மென்பொருளும் தானே கிளம்ப வேண்டும். ஒன்று தவறினாலும் பதிவு இருக்காது. அப்டேட்டுக்காக விண்டோஸ் தன்னை அணைத்து எழுப்பிக்கொள்வதும் பெரும்பாலும் ஆளில்லாத பின்னிரவில்தான். ஊர் தூங்கும் அந்த நேரத்தில்தான் காசிமேட்டில் வியாபாரம்!

கார்டு விஷயத்திலும் ஏமாற வேண்டாம். கேமராப் படத்தைக் கணினிக்குள் வாங்கும் பழைய கேப்சர் கார்டுகள் 704க்கு 576 புள்ளி கொண்ட அந்தக்கால அனலாக் படத்துக்காகச் செய்தவை. இப்போது விற்கும் 2 மெகாபிக்சல் கேமராவை அதற்கேற்பத் தரம் இறக்கினால், கிடங்கு வாசலில் நிற்பவரின் முகம் தெரியாது. போதாக்குறைக்குக் கணினியின் விசிறி உப்புக்காற்றை நாள் முழுதும் உள்ளே இழுக்கும். சிறிய டிவிஆர்கள் பலவற்றில் விசிறியே கிடையாது.

எத்தனை நாள் பதிவு தேவை என்பதை உங்கள் கடனேடு சொல்லும். விசைப்படகு ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பப் பத்துப் பதினைந்து நாளாகும். ‘நான் நாலு கட்டுதான் எடுத்தேன்’ என்ற தகராறு அதன் பிறகே கிளம்பும். படத்தைச் சுருக்கிப் பதியும் எச்.265 முறையில் விநாடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால், ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 ஜிபி. ஆறுக்கும் 130 ஜிபி. 2 டெராபைட் டிஸ்க் பதினைந்து நாளில் நிரம்பி, பழைய பதிவை அழிக்கத் தொடங்கிவிடும். 4 டெராபைட் வாங்குங்கள், மாதக் கணக்குக்குத் தாங்கும். மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேட்கும்போது கண்காணிப்புக்கென்றே செய்த டிஸ்க் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். சாதாரண டிஸ்க் இடைவிடாமல் எழுதுவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இதே கேள்வியை மாதவரத்து லாரி யார்டு ஒன்றிலிருந்து, நெட்வொர்க் வழியே படம் அனுப்பும் ஐபி கேமரா நாற்பதோடு கேட்டிருந்தால் கணினியைத்தான் சொல்லியிருப்பேன். டிஸ்க்கைச் சேர்த்துக்கொண்டே போகலாம், வண்டி எண்ணைத் தேடும் மென்பொருள் ஏற்றலாம், கெட்ட பாகத்தை மட்டும் மாற்றலாம். டிவிஆரில் போர்டு போனால் பெரும்பாலும் பெட்டியையே மாற்ற வேண்டியதுதான். அதன் டிஸ்க்கை வேறு நிறுவனத்தின் பெட்டியில் மாட்டினால் பழைய பதிவும் பொதுவாகத் திறக்காது.

டிவிஆரைக் கல்லாவின் பக்கத்தில் வைக்காதீர்கள். திருட வருபவன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். தரையிலும் வேண்டாம்; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். பரணில், காற்றோட்டமுள்ள பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். சின்ன யூபிஎஸ் ஒன்றில் டிவிஆரோடு கேமராக்களின் 12 வோல்ட் பவர் சப்ளையையும் சேர்த்து மாட்டுங்கள். கேமரா அணைந்துவிட்டால் டிவிஆர் மட்டும் விழித்திருந்து என்ன பதியும்?

பழைய கணினியை விற்க வேண்டாம். டிவிஆர் இருக்கும் அதே ரவுட்டரில் இணைத்தால், பதிவைத் தேடவும் பென்டிரைவில் நகலெடுக்கவும் உதவும். அந்த வேலையைத் தம்பியிடமே விடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் முதல் நாளே மாற்றச் சொல்லுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களுக்கும் டிவிஆர்களுக்கும் ரவுட்டர்களுக்கும் உள்ளே புகுந்தது, யாரும் மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களை வைத்துத்தான்.